நிற்கும் வானைக் காப்பது: வன்னியில் டீசல் வீட்டுவான் வைத்திருப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வாகனத்துக்குள் குடும்பம் நடத்துவது இலங்கையின் வன்னி மக்களுக்குப் புதிய விடயமல்ல. 2008, 2009ஆம் ஆண்டுகளின் போரில் உழவு இயந்திரப் பெட்டியிலும் லொறியிலும் தறப்பாளைக் கட்டி, பானை சட்டியோடு இடம்விட்டு இடம் நகர்ந்தவர்கள் இங்கே அநேகமான வீடுகளில் இருக்கிறார்கள். அன்று பிள்ளைகளாக அந்தப் பெட்டிகளில் உறங்கியவர்களில் சிலர் இன்று தாங்களே விரும்பி ஒரு பழைய டீசல் வானை வாங்கி, அதற்குள் படுக்கையும் அடுப்பும் மின்விசிறியும் வைத்து, மடுத் திருவிழாவுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரிக்கும் பெற்றோரை ஏற்றிச் செல்கிறார்கள். வெளிநாட்டு உறவினர்கள் இதனை மோட்டார் ஹோம் என்றோ கரவன் என்றோ சொல்வார்கள். எங்கள் ஊரில் கரவன் என்றால் நிசான் வானைத்தான் நினைப்பார்கள் என்பதால், இந்தக் கட்டுரையில் வீட்டுவான் என்றே எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வாடகைக்கு ஓடும் வான் நாள்தோறும் ஓடுகிறது. வீட்டுவானோ ஆண்டில் முப்பது, நாற்பது நாட்கள் ஓடிவிட்டு, மிச்ச நாட்களெல்லாம் முற்றத்து மாமரத்தின் கீழே நிற்கிறது. நான் கண்டவரையில் ஓடிப் பழுதான வீட்டுவான்களைவிட நின்று பழுதானவையே அதிகம். தாங்கியில் தண்ணீர் சேர்வது, பற்றரி இறப்பது, ரயர் வெடிப்பது, எலி வயர் கடிப்பது எல்லாம் வான் நிற்கும்போதே நடக்கின்றன. ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியையும், நிற்கும் காலத்தை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

படி 1: எந்த வானை வாங்குவது

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வான்களின் விலை ஏறியதோடு, ஓய்வு பெற வேண்டிய வான்களும் பூச்சடித்துச் சந்தைக்கு வந்தன. எனவே வர்ணத்தைப் பார்த்து மயங்காமல் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும்.

வன்னியில் வைத்திருப்பதற்கு, பொறிமுறைப் பம்ப் கொண்ட பழைய எஞ்சினையே நான் பரிந்துரைப்பேன். டொல்பின் என்று அழைக்கப்படும் பழைய ஹைஏஸ் வான்களில் வரும் 2.8 லீற்றர் 3எல் எஞ்சின் இதற்கு நல்ல உதாரணம். அது வேகமாக ஓடாது. பாரம் ஏற்றினால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஆனாலும் ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ நின்றுவிட்டால், பக்கத்துக் கராஜ்காரர் கைக்கருவிகளோடு வந்து ஓட வைத்துவிடுவார். பின்னர் வந்த, பொதுக் குழாய் ஒன்றிலிருந்து கணினிக் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் கொமன் ரெயில் எஞ்சின்கள் சக்தியும் சிக்கனமும் கூடியவை. ஆனால் அவற்றின் எரிபொருள் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் செல்வதால், டீசலில் கலந்த சிறிதளவு தண்ணீரோ தூசியோ எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நொசிலைக் கெடுத்துவிடும். அவற்றைச் சோதிக்கக் கணினிக் கருவியும் தேவைப்படும். நீண்ட நாள் நிற்கப்போகும் வாகனத்துக்குப் பொறுமையான எஞ்சினே பொருத்தம் என்பது என் முடிவு. குடும்பம் பெரிதென்றால் ரோசா, கோஸ்டர் போன்ற சிறு பஸ்களைப் பார்க்கலாம். ஓட்டுவதற்கு எந்த வகை அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பார்க்கப் போகும் நாளில், எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். இரவு முழுவதும் குளிர்ந்திருந்த எஞ்சின் காலையில் எப்படிப் பற்றுகிறது, எந்த நிறத்தில் புகைக்கிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும். கறுப்புப் புகை என்றால் எயார் பில்டர் அடைபட்டிருக்கலாம், அல்லது நொசில் சரியாகத் தெளிக்காமல் இருக்கலாம். நீலப் புகை எஞ்சின் ஒயில் எரிவதைக் காட்டும். வெள்ளைப் புகை சில விநாடிகளில் மறைந்தால் குளிர்ந்த எஞ்சினைப் பற்றவைக்கச் சூடேற்றும் ஹீற்றர் பிளக்குகளைச் சோதித்தால் போதும். சூடான பின்னும் வெள்ளைப் புகை நீடித்து, றேடியேற்றர் நீரும் குறைந்துகொண்டே போனால், எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள அடைப்பான ஹெட் காஸ்கட் போயிருக்கக்கூடும் என்பதால் அந்த வானை விட்டுவிடுவது நல்லது.

பிறகு பாய் ஒன்றை விரித்து வானுக்குக் கீழே படுங்கள். வில்லுத் தகடுகள் பொருந்தும் இடத்தையும், கதவுப் படிகளின் உட்புறத்தையும், பின் சில்லுகளுக்கு மேலேயுள்ள மடிப்பையும் திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு மணி போலச் சத்தமிடும். துருப்பிடித்து உள்ளே உக்கிய இரும்பு மந்தமாகச் சத்தமிடும். முல்லைத்தீவுக் கரையிலோ மன்னாரிலோ மீன் ஏற்றிய வான் என்றால் இந்தச் சோதனையை இரண்டு தரம் செய்யுங்கள்.

படி 2: பாரமும் பதிவும்

உள்ளே மரவேலை தொடங்கும் முன், வெறும் வானை அரிசி ஆலையின் லொறித் தராசில் ஒரு தடவை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த நிறையிலிருந்து அதைக் கழித்தால், நீங்கள் இன்னும் ஏற்றக்கூடிய பாரம் தெரியும். 100 லீற்றர் தண்ணீர் 100 கிலோ. 100 அம்பியர் மணி கொண்ட ஈய அமில பற்றரி ஒன்று 25 கிலோவுக்கு மேல் வரும். 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை முழுத்தாள் ஒன்று ஏறத்தாழ 20 கிலோ. இதற்கு மேல் ஆட்களும் அரிசியும் பாத்திரங்களும் இருக்கின்றன. பனஞ்சட்டம் வீட்டில் சும்மா கிடக்கிறது என்பதற்காகக் கட்டிலுக்கு அதைப் போட்டவர்களைக் கண்டிருக்கிறேன்; அதன் பாரத்தை வானின் பின் அச்சு வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டியிருக்கிறது. பாரமானவற்றை எப்போதும் தரையோடு, இரண்டு அச்சுகளுக்கும் இடையில் வையுங்கள்.

வாகனத்தின் உருவமும் பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரமும் ஒத்திருக்க வேண்டும். கூரையை வெட்டுவது, ஆசனங்களை நிரந்தரமாகக் கழற்றுவது போன்ற மாற்றங்களைச் செய்வதற்கு முன்பு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள். என் விருப்பமோ, ஆசனம் பூட்டப்பட்ட அதே துளைகளில் போல்ற் போட்டுப் பூட்டும் கழற்றக்கூடிய கட்டில்தான். தேவையில்லாத காலத்தில் அதை இறக்கிவிட்டுப் புகைப் பரிசோதனைக்கும் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கும் வானை வழக்கமான வானாகவே கொண்டுபோகலாம். எப்படிச் செய்தாலும், வான் ஓடும்போது எவரும் கட்டிலில் படுத்திருக்கக் கூடாது. அம்மாவுக்கு முதுகு வலிக்கிறது என்றால் வானை நிறுத்தி அரை மணித்தியாலம் படுக்கவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

படி 3: டீசலைச் சுத்தமாக வைத்திருத்தல்

இந்தப் படியில்தான் அதிக கவனம் தேவை. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை, 3எல் போன்ற பழைய எஞ்சின்களில் இருபது மடங்குக்கு மேல், அமுக்கிச் சூடாக்கி, அதற்குள் டீசலைத் தெளிக்க, அது தானாகப் பற்றுகிறது. தெளிக்கும் பம்பும் நொசிலும் தலைமுடியைவிட நுண்ணிய இடைவெளியில் இயங்குபவை. பழைய சுழல் பம்புகளுக்கு உள்ளே வேறு ஒயில் கிடையாது; டீசலே அவற்றுக்கு மசகு. தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் அந்த மசகுத்தன்மை குறைந்து, உலோகம் உலோகத்தோடு உரசத் தொடங்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய ஊர் எங்கள் ஊர். அந்தத் திறமை எங்களைக் காப்பாற்றியது உண்மை. ஆனாலும் அந்தப் பழக்கத்தை டீசல் பம்புக்குக் கொண்டுவராதீர்கள்.

தாங்கி பாதி வெறுமையாக நிற்கும்போது மேலேயுள்ள வெற்றிடத்தை ஈரக்காற்று நிரப்புகிறது. இரவில் குளிர்ந்த தகட்டில் அது வியர்த்து, துளிதுளியாக டீசலுக்குக் கீழே இறங்குகிறது. தண்ணீர் டீசலைவிடப் பாரம் கூடியது என்பதால் அடியில் தங்கி, தாங்கியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்தப் படையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கறுத்த வழுவழுப்பான பாசி போன்ற ஒன்றை உண்டாக்குகின்றன. வானை நிறுத்தி வைக்கும் முன் தாங்கியை முழுமையாக நிரப்பச் சொல்வது இதற்காகத்தான். பவுசரிலிருந்து நிலத்தடித் தாங்கிக்கு எண்ணெய் இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த நிலையத்தில் அடிக்க வேண்டாம்; அடியில் கிடந்த மண்டி அப்போது கலங்கியிருக்கும். தண்ணீர்ப் பம்புக்காகக் கானில் சேமித்த டீசலை ஊற்ற நேர்ந்தால், கானை ஒரு நாள் அசையாமல் வைத்து, கடைசி இரண்டு அங்குலத்தை ஊற்றாமல் விடுங்கள்.

டீசல் பில்டரின் அடியில் தண்ணீர் இறக்கும் திருகு ஒன்று இருக்கும். மாதம் ஒரு தடவை, காலையில் எஞ்சினை இயக்குவதற்கு முன், கண்ணாடிப் போத்தல் ஒன்றை அதன் கீழே பிடித்துத் திருகை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். முதலில் சொட்டும், பிறகு ஒழுகும். அரைத் தம்ளர் அளவு எடுத்துப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்தால், மேலே தேன் நிறத்தில் டீசலும், அதற்குக் கீழே தெளிந்த உருண்டை போலத் தண்ணீரும், சில வேளைகளில் மிளகுத்தூள் போன்ற கறுப்புத் துணுக்குகளும் தனித்தனியாகத் தெரியும். டீசல் மட்டும் வந்தால் மகிழ்ச்சியோடு மூடிவிடலாம். தண்ணீர் வந்தால் அது முடியும்வரை இறக்கி, அடுத்த வாரமும் பாருங்கள். கறுப்புத் துணுக்குகள் தொடர்ந்து வந்தால் தாங்கியைக் கழற்றிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. பில்டரை 10,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை, அல்லது ஓட்டம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

பில்டரை மாற்றினால் குழாய்க்குள் எயார் பிடிக்கும். பில்டரின் மேலுள்ள கைப்பம்பை, அது இறுகிக் கையைத் தள்ளும்வரை அமுக்க வேண்டும். எயார் திருகு இருந்தால் அதைச் சற்றுத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை அமுக்கிவிட்டுப் பூட்டுங்கள். ஸ்ராட்டரை ஒரே தடவையில் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காமல், இடையில் ஆறவிடுங்கள். அப்படியும் பற்றாவிட்டால், பழைய எஞ்சினில் நொசில் குழாயின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எயார் எடுப்பார்கள். கொமன் ரெயில் எஞ்சினில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. அந்த அழுத்தத்தில் வெளிவரும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்றுவிடும்.

எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்கிறேன். ஒரு தை மாதம், மூன்று மாத ஓய்வுக்குப் பிறகு மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் புறப்பட்டோம். இருபது நிமிடம் ஓடியதும் எஞ்சின் சோர்ந்து நின்றது. பத்து நிமிடம் ஆறவிட்டதும் எதுவும் நடக்காதது போலப் பற்றியது. மறுபடியும் சிறிது தூரத்தில் நின்றது. பில்டர் புதியது, தண்ணீரும் இல்லை, எயாரும் இல்லை. மூன்றாவது தடவை நின்றபோது, அளவு பார்ப்பதற்காகத் தாங்கியின் மூடியைத் திறந்தேன். நீண்ட மூச்சொன்றை உள்ளிழுப்பது போல அது “உஸ்” என்று சத்தமிட்டது. தாங்கிக்குள் காற்றுப் போகும் சிறு குழாயின் வாயில், சுண்டுவிரல் பருமனில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே வர வழியில்லாமல் தாங்கி உறிஞ்சிப் பிடித்திருக்கிறது. ஈர்க்கு ஒன்றினால் அந்தக் கூட்டைக் குத்தி எடுத்தேன். அன்று முழுவதும் வான் நிற்கவே இல்லை. அன்றிலிருந்து ஓய்வுக்கு விடும் முன் அந்தக் குழாயின் வாயில் நுளம்புவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுகிறேன்.

படி 4: ஒயில், பெல்ற், காற்று

எஞ்சின் ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். ஓடாத வானுக்கு ஏன் ஒயில் மாற்ற வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். எரிதலில் உண்டாகும் அமிலமும் ஈரமும் பழைய ஒயிலில் தங்கி, நிற்கும் காலம் முழுவதும் பெயரிங்குகளை அரிக்கின்றன. ஆகவே ஓய்வுக்கு விடும் முன் மாற்றுவதே சரி. ஓய்வு முடிந்து மாற்றுவது காலம் கடந்த செயல். பழைய எஞ்சின்களுக்கு எங்கள் வெப்பத்தில் 15டபிள்யூ-40 தர டீசல் ஒயில் பொருந்தும்.

3எல் போன்ற எஞ்சின்களில், வால்வுகளைப் பிஸ்ரனின் ஓட்டத்தோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ற் உண்டு. அதனை 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்; அந்த அளவை எட்டியதும் முகப்பில் அதற்கென ஒரு விளக்கு எரியும்படி ரொயோட்டா அமைத்திருக்கிறது. பழைய வான்களில் அந்த விளக்கின் பல்ப்பைக் கழற்றியிருப்பார்கள், அல்லது மீற்றரைப் பின்னுக்குச் சுற்றியிருப்பார்கள். எனவே வாங்கிய வானின் பெல்ற் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையென்றால், உடனே மாற்றிவிடுங்கள். ஓட்டத்தில் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் மோதி எஞ்சினே திறக்க வேண்டி வரும்.

வன்னியின் செம்மண் தூசி மா போல நுண்ணியது. பிரதான வீதியை விட்டு இறங்கி ஓடியவர்கள் எயார் பில்டரை அடிக்கடி கழற்றி, உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் காற்றடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசி கடதாசிக்குள் இறுகும்.

படி 5: றேடியேற்றரும் எங்கள் கிணற்று நீரும்

உங்கள் வீட்டுத் தேநீர்க் கேத்தலின் அடியைப் பாருங்கள். விரலால் சுரண்டினால் செதிளாக வரும் வெள்ளைப் படிவுதான் எங்கள் கிணற்று நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு. அதே நீரை றேடியேற்றருக்கு ஊற்றினால் அதே படிவு எஞ்சினின் நீர்வழிகளிலும் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து, வெப்பம் வெளியேறாமல் தடுக்கும். கூலன்றையும் காய்ச்சி வடித்த நீரையும் போத்தலில் குறிப்பிட்ட அளவில் கலந்து ஊற்றி, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். வழியில் அவசரத்துக்குக் கிணற்று நீர் ஊற்ற நேர்ந்தால், வீடு வந்ததும் இறக்கிவிடுங்கள். சுத்தமாகப் பிடித்த மழைநீர் கிணற்று நீரைவிட மேல்.

காலபோக அறுவடை முடியும் மாசி, பங்குனியில் வீதியோரமெல்லாம் நெல் காயும். அந்த நாட்களில் பதரும் வைக்கோல் துண்டும் றேடியேற்றரின் முகத்தில் அப்பிக்கொள்ளும். எஞ்சின் ஆறிய பின், உட்புறத்திலிருந்து வெளியே தள்ளும்படி மெல்லத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வெப்பமானி வழக்கத்துக்கு மேல் ஏறினால், ஓரமாக நிறுத்தி எஞ்சினைச் சில நிமிடம் மெல்ல ஓடவிட்டுப் பிறகு அணையுங்கள். நீரே கொதித்து வெளியேறிவிட்டால் உடனே அணைக்க வேண்டும். சூடான மூடியைத் திறக்கக் கூடாது, முகம் வெந்துபோகும்.

படி 6: மின்சாரம்

வானின் சொந்த பற்றரியில் மின்விசிறி போடாதீர்கள். வீட்டுப் பாவனைக்குத் தனி பற்றரி வேண்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைக்கும் ரிலே வேண்டும். லித்தியம் பற்றரி என்றால் ரிலே போதாது. எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஓல்ரநேற்றரைக் காக்கும் தனிச் சார்ஜர் தேவை.

கணக்கை முதலில் போடுங்கள். 20 வாட் மின்விசிறி இரவில் எட்டு மணித்தியாலம் ஓடினால் 160 வாட் மணி. இரண்டு எல்.ஈ.டி. விளக்குகளும் கைபேசிகளும் சேர்ந்து ஏறத்தாழ 100. சிறிய கொம்பிரசர் குளிர்ப்பெட்டி எங்கள் வெப்பத்தில் ஒரு நாளுக்கு 400 அளவில் எடுக்கும். 12 வோல்ற், 100 அம்பியர் மணி கொண்ட பற்றரியில் 1,200 வாட் மணி இருந்தாலும், ஈய அமில வகையில் பாதியை மட்டுமே எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் ஆயுள் விரைவாகக் குறையும். ஆகவே குளிர்ப்பெட்டி வேண்டாமென்றால் ஒரு பற்றரி போதும். வேண்டுமென்றால் இரண்டு வேண்டும். என் வானில் குளிர்ப்பெட்டி இல்லை. இரண்டு நாள் பயணத்துக்கு ஐஸ் பெட்டியே எனக்குப் போதுமாக இருக்கிறது.

கூரையில் 200 வாட் சூரியத்தகடு வைத்தால், வெயில் நாளில் இந்தத் தேவை முழுவதும் நிறைவேறும். கார்த்திகை, மார்கழி இருளில் பாதியும் வராது. தகட்டுக்கும் கூரைக்கும் இடையில் இரண்டு அங்குலம் காற்றோட விடுங்கள். சூடேறிய தகடு குறைவாகவே மின்சாரம் தரும். பற்றரியின் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் பற்றரிக்கும் பியூசுக்கும் இடையில் வயர் உரசினால் தீயைத் தடுக்க எதுவும் இல்லை. எஞ்சினும் மின்பாவனையும் ஓய்ந்திருக்கும்போது மீற்றர் 12.7 வோல்ற் காட்டினால் நிறைந்திருக்கிறது; 12.2 பாதி. திறந்த வகை பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது அது ஐதரசன் விடும் என்பதால், படுக்கும் அறைக்குள் மூடிவைக்க வேண்டாம்.

படி 7: அடுப்பும் குடிநீரும்

சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகையால் சிலிண்டர் இருக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துவாரம் இருக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்தே இருக்க வேண்டும். ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். இணைப்புகளைச் சவர்க்கார நுரையால் சோதியுங்கள். நான் 2.3 கிலோ சிறு சிலிண்டரையே பயன்படுத்தி, கதவைத் திறந்து வெளியே வைத்துத்தான் சமைக்கிறேன். உறங்கும்போது எஞ்சினையோ ஜெனரேற்றரையோ ஓடவிடாதீர்கள். அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, உறங்குபவர் எழாமலே போகலாம்.

தண்ணீர்த் தாங்கியைப் பயணம் முடிந்ததும் முற்றாக இறக்கி, மூடியைக் கவிழ்த்துக் காயவிடுங்கள். அரைகுறை நீரோடு நின்றால் டெங்கு நுளம்புக்கு அது வீடாகிவிடும்.

படி 8: துருவும் ரயரும்

கடற்கரைக்குப் போய்வந்த வானை மறுநாளே நன்னீரால் அடியில் கழுவ வேண்டும். மேலே பளபளப்பாக்கிவிட்டு அடியை மறப்பதுதான் வழக்கமான பிழை. வருடத்துக்கு ஒரு தடவை, நன்றாகக் காய்ந்த பிறகு, அடியில் துருத்தடுப்புப் பூச்சு அடியுங்கள். ஈரத்தின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே அடைத்ததாகிவிடும்.

ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. வீட்டுவானின் ரயரில் பூ தேய்வதற்கு முன்பே இறப்பர் முதுமையடைந்து வெடிக்கும். ஆறு வருடம் கடந்த ரயரை, பூ எவ்வளவு நன்றாக இருந்தாலும், நீண்ட பயணத்துக்கு நம்ப வேண்டாம். வெயில் படும் பக்கத்து ரயர்களைச் சாக்கால் மூடுங்கள்.

ஏ9 வீதியில் செல்பவர்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போவது வழமை. அந்தப் பத்து நிமிடத்தை நான் ஒரு சோதனைக்கும் பயன்படுத்துகிறேன். இறங்கியவுடன் நான்கு சில்லுகளின் நடுவையும் புறங்கையால் நெருங்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவில் இளஞ்சூடாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் கை வைக்க முடியாதபடி கொதித்தால், அங்கே பிறேக் இறுகிப் பிடித்திருக்கிறது அல்லது பெயரிங் காய்ந்திருக்கிறது. நீண்ட நாள் நின்ற வானில் பிறேக் இறுகுவது மிகச் சாதாரணம். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அதையும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

படி 9: எங்கே தங்குவது

கோவில் வீதி, தேவாலய வளவு, உறவினர் முற்றம், அனுமதி கேட்டுப் பெற்ற காணி ஆகியவை நல்ல இடங்கள். பாவனையில் இல்லாத பாதையிலோ பற்றைக்குள்ளோ வானை இறக்காதீர்கள். முகமாலை போன்ற இடங்களில் மிதிவெடி அகற்றும் பணி போர் முடிந்து பல ஆண்டுகள் கடந்தும் நடந்திருக்கிறது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் இடத்தில் சிறுநீர் கழிப்பதற்குக்கூட வீதியை விட்டு இறங்கக் கூடாது. காட்டோரக் குளக்கட்டுகளில் இரவு தங்குவதும் வேண்டாம். நெல், வாழைப்பழம், உப்பு ஆகியவற்றின் மணத்துக்கு யானை வீட்டுச் சுவரையே உடைக்கும். வானின் தகடு அதற்கு ஒரு பொருட்டல்ல.

வெள்ளம் ஓடும் வீதியில் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் ஓரிரவில் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எஞ்சின் தண்ணீரை உறிஞ்சி நின்றுவிட்டால் மறுபடி ஸ்ராட் செய்து பார்க்கவே கூடாது. தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்ரனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். சில்லு மூழ்க ஓடிய வானின் பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷலின் ஒயிலைத் திறந்து பாருங்கள். பால் நிறத்தில் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

படி 10: மழைக்கு முன் ஓய்வும் தையில் எழுப்புதலும்

ஐப்பசி பிறக்கும் முன் ஒயிலை மாற்றி, டீசல் தாங்கியை நிரப்பி, தண்ணீர்த் தாங்கியை வடித்து, வீட்டு பற்றரியை முழுமையாகச் சார்ஜ் ஏற்றுங்கள். ரயர்களில் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காற்று நிரப்புங்கள். மண்தரையில் நேரடியாக நிறுத்தாமல் பலகை அல்லது கல் மேல் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கைப்பிறேக்கை விடுவித்து வையுங்கள். உள்ளே ஒரு பருக்கைச் சோறோ பிஸ்கற் தூளோ இருக்கக் கூடாது. எலி அதற்காக வந்து வயரைக் கடித்துவிட்டுப் போகும். தறப்பாளை வானோடு ஒட்டிப் போர்த்தினால் உள்ளே ஈரம் அடைபடும். கம்பு நட்டு மேலே பந்தலாகக் கட்டுங்கள்.

முற்றத்தில் நிறுத்தியபடியே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவதால் பயனில்லை. டீசல் எஞ்சின் அப்படிச் சூடாகாது, எரியாத டீசலும் ஈரமும் உள்ளே மிச்சமாகும். முடிந்தால் பதினைந்து நாட்களுக்கு ஒரு தடவை, மழை ஓய்ந்த வேளையில், அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் வீதியில் ஓட்டி வாருங்கள். முடியாவிட்டால் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு முழு ஓய்வு கொடுங்கள்.

தையில் எழுப்பும்போது, முதலில் பொனற்றைத் திறந்து கூடு, வயர், பெல்ற் ஆகியவற்றைக் கண்ணால் பாருங்கள். கூலன்ற், எஞ்சின் ஒயில், பிறேக் ஒயில் ஆகியவற்றின் அளவைப் பாருங்கள். தாங்கியின் காற்றுக் குழாயிலிருந்து வலையை அவிழுங்கள். டீசல் பில்டரிலிருந்து தண்ணீர் இறக்குங்கள். பற்றரியைப் பூட்டி, ஹீற்றர் விளக்கு அணையும்வரை காத்திருந்து ஸ்ராட் செய்யுங்கள். ஒயில் விளக்கு அணைந்த பின்பும் ஓரிரு நிமிடங்களுக்கு அக்சலறேற்றரை மிதிக்க வேண்டாம். வாசலைத் தாண்டும் முன் பிறேக்கை இரண்டு தரம் பிடித்துப் பாருங்கள். முதல் இருபது கிலோமீற்றரில் ஓரமாக நிறுத்தி, கீழே ஏதாவது சொட்டுகிறதா என்று பார்த்து, தாங்கியின் மூடியைத் திறந்து காதை வையுங்கள். சத்தம் எதுவும் இல்லையென்றால் மூடியைப் பூட்டிவிட்டுப் பயணத்தைத் தொடரலாம்.